கல்லோடு வந்தது

"சுடுதண்ணி கொதிச்சிட்டுதோ, பத்மா?"

"கொதிக்குது. முதல்லை அந்தத் தம்பி வந்து பாக்கட்டும். அதுக்குள்ளை ஏன் துள்ளுறியள்?" குசினியிலிருந்து பத்மாசினியின் குரல் வந்தது.

சண்முகநாதன் துள்ளாமல் என்ன செய்வார்? முன் அறையில் இருக்கும் அந்தக் கண்ணாடித் தொட்டிதான், பிள்ளைகள் கனடாவுக்குப் போன பிறகு, அவருக்குப் பிள்ளை குட்டி எல்லாம். கடல் தண்ணீர், கடற்கல், பவளம் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தது. ஆனால் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. இப்போது மிஞ்சியிருப்பது ஒரு சோடிக் கோமாளி மீன். அதுவும் முட்டையிட்டுக் காவல் இருக்கிறது.

போதாக்குறைக்குத் தொட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். இன்று காலையில் பார்த்தால் கண்ணாடி மூலையில் மயிரளவில் ஒரு வெடிப்பு.

கடைசியாக எடுப்பித்த கல்லுக்குள் ஏதோ ஒன்று ஒளிந்து வந்திருக்கிறது. கல்லிலிருந்த துளையைப் படமெடுத்து, மீன் வளர்க்கிறவர்களின் முகநூல் குழுவில் போட்டார். 'கை வைக்காதேங்கோ, யாழ்ப்பாணத்திலைதான் நிக்கிறன், வாறன்' என்று பதில் போட்டவன் தாஹிர். சொன்னபடியே வாளியும் ரோச் லைற்றுமாக வந்து நின்றான்.

"எவடம், தம்பி?"

"பிறந்தது புத்தளம், ஐயா. ஆக்கள் இஞ்சைதான். தொண்ணூறிலை முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்கை அங்கை போனவை." தொட்டிக்கு முன்னால் குந்தினான். "யன்னலைச் சாத்துங்கோ. வெளிச்சத்துக்கு அது வெளியிலை வராது."

பத்மாசினி யன்னலோடு மல்லுக்கட்டினாள். அது வழக்கம்போல இறுகி நின்றது. இவ்வளவு காலமும் இடித்து இடித்துத்தான் அதைச் சாத்துகிறாள்.

"கொஞ்சம் மேலை தூக்கிப்போட்டு இழுங்கோ, அம்மா," என்றான் தாஹிர், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

யன்னல் பூப்போல மூடிக்கொண்டது.

ரோச் லைற்றில் சிவப்புத்தாளைச் சுற்றி அடித்தான். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டிக்.

"நண்டுதானே?" சண்முகநாதன் கிசுகிசுத்தார்.

"அவசரப்படாதேங்கோ. சத்தம் போடுறதெல்லாம் கொலைகாரன் இல்லை. சின்ன இறால் ஒண்டு இருக்கு, அதுவும் இப்பிடித்தான் சொடுக்கும். அதாலை ஒரு கரைச்சலும் இல்லை. துளை வாசலைப் பாப்பம்."

துளை வாசலில் நொருங்கிய சிப்பி ஓடுகள் கிடந்தன. உள்ளே இரண்டு கண்கள். ஒன்று மேலே பார்க்க, மற்றது பக்கவாட்டில் உருண்டது.

"இதுவும் இறால் சாதிதான், ஐயா. ஆனா இது அடிக்கிற சாதி. முன்னங்காலாலை ஒண்டு போட்டால் சிப்பி உடையும். கண்ணாடியும் தப்பாது."

சண்முகநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"பாத்தீரே! மற்றவன்ரை இடத்திலை வந்து குந்திக்கொண்டு, அவனையே அழிக்கிறது! எங்கடை கீரிமலை வீட்டையும் ஆமி இப்பிடித்தான் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். மற்றவன்ரை கூரைக்குக் கீழை படுக்கிறவனுக்கு எப்பிடித்தான் நித்திரை வருமோ!"

"இப்ப விட்டாச்சோ, ஐயா?"

"விட்டு எவ்வளவோ காலம். வளவு சும்மா கிடக்கு. இஞ்சை எண்டால் ரவுணுக்குக் கிட்ட. நாங்கள் இடம்பெயந்து வரேக்கை இது பூட்டிக் கிடந்த வீடு. திறந்து துப்புரவாக்கி, அப்பிடியே இருந்திட்டம்."

தாஹிர் யன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கையுறையைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டான். கல் மெதுவாக அசைந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் முட்டைகளின் மேல் ஒட்டிக்கொண்டன.

டக்!

கண்ணாடியில் வெடிப்பு ஒரு விரல் நீளம் ஓடியது. "ஐயோ!" என்று பத்மாசினி வாயைப் பொத்தினாள். சண்முகநாதன் வெறுங்கையால் கண்ணாடியைத் தாங்கிப் பிடித்தார், ஏதோ தன்னால் அது நிற்கும் என்பதுபோல.

அதற்குள் கல் வாளிக்குள் இறங்கிவிட்டது. கண்ணாடி தாங்கிவிட்டது.

"பத்மா, சுடுதண்ணியைக் கொண்டா!"

பானை வந்தது. தாஹிர் வாளிக்கு மேலே கையை விரித்துப் பிடித்தான்.

"கையை எடும், தம்பி! அவியப்போகுது!"

"ஊத்தாதேங்கோ, ஐயா. இது களவா வரேல்லை. தன்ரை துளைக்குள்ளை தன்ரைபாட்டிலை இருந்தது. ஆரோ இடத்தோடை தூக்கிக்கொண்டு வந்திட்டினம். நான் கொண்டுபோய்க் கடல்லை விடுறன்."

சண்முகநாதன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். கோமாளி மீன்கள் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தன. ஒரு முட்டையும் போகவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பானையை நிலத்தில் வைத்தார்.

"சரி, கொண்டுபோம்."

"கல்லும் வேணும், ஐயா. கல்லில்லாமல் இது தப்பாது."

தொட்டியிலேயே வடிவான கல் அது. சண்முகநாதன் வாளிக்குள் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"கொண்டுபோம், தம்பி. அது இருந்த இடம் அதுக்குத்தானே சொந்தம்? உரியதைக் குடுக்காமல் வைச்சிருக்கிற ஆள் நானில்லை."

சொல்லி முடித்ததும் தன்னை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

பத்மாசினி யன்னலைத் திறக்கப் போனாள். தூக்கிப்போட்டு இழுத்தாள், சுகமாகத் திறந்தது.

"இந்தச் சூட்சுமம் உமக்கு எப்பிடித் தம்பி தெரியும்?"

தாஹிர் வாளியோடு படியிறங்கியவன், நின்று திரும்பினான்.

"வாப்பா சொல்லுவார், அம்மா. தனக்கெண்டு இந்த வீட்டைக் கட்டேக்கை அந்த யன்னலைக் கோணலாப் பூட்டினது அவர்தானாம். நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாறன்."