மூணே மூணு கார்டு

"கிதார்ல மூணே மூணு கார்டை மாத்தி மாத்திப் பிடிச்சா அதுக்குப் பேரு இசையா? நீங்களே சொல்லுங்க."

பாடகர் குழுவிடம் இப்படிக் கேட்டுவிட்டு அருளப்பன் மாஸ்டர் சகாயசெல்வியைப் பார்த்தார். குழு சிரித்தது.

செல்வி எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்தவள். வீட்டுக்காரரின் கிதாரில்தான் விரல் பழகினாள். ஞாயிற்றுக்கிழமை மகள் அனிஷாவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகப் பீடத்துக்கு நடக்கும் ரெண்டு நிமிஷத்துக்கென்று, பழைய மேல்நாட்டுச் சாயலில், பாட்டில்லாமல் கிதாருக்கு மட்டும் ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். சின்னவன் தூங்கும் நேரமாகப் பார்த்து ஒரு மாச உழைப்பு.

"நியோ கிளாசிக்கல்னு பேரு வேற. ஏ மைனர், டி மைனர், ஈ. அம்புட்டுத்தான?"

"உப்பு, புளி, மிளகாய் மூணை வச்சுத்தான மாஸ்டர் குழம்பே வைக்கிறோம்?"

"குழம்பை வீட்டுல வைம்மா. கோயிலுக்கு என் கீபோர்டு போதும். நீ கிதாரைச் சும்மா கையில வச்சுக்கிட்டு நில்லு. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

ஞாயிறு காலை. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வாசலில் நிற்க, மாஸ்டர் கீபோர்டில் கை வைத்தார். கரண்ட் போனது. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஓடிப்போய்ப் பார்த்தால், ஜெனரேட்டரில் டீசல் இல்லை.

இசை வந்தால்தான் நடக்கணும் என்று பழக்கியிருந்ததால் ஒரு பிள்ளையும் நகரவில்லை. முன்னால் நின்ற அனிஷாவுக்கு உதடு பிதுங்கியது.

செல்வி யாரையும் கேட்கவில்லை. வாசித்தாள்.

வீட்டில் ஒரு மாசமாகக் கேட்ட இசை. அனிஷா சிரித்துக்கொண்டே முதல் காலை எடுத்து வைத்தாள். மற்ற பிள்ளைகள் பின்னால் நடந்தார்கள்.

பூசை முடிந்ததும் பங்குச்சாமி குழுவிடம் வந்தார்.

"எம்புட்டு எளிமை, எம்புட்டு அழகு. யாரு போட்டது?"

செல்வி வாயைத் திறக்குமுன், "நான்தான் சாமி" என்றார் மாஸ்டர். "மூணு கார்டு போதும், எளிமையா இருக்கட்டும்னு போட்டேன். இந்தப் பிள்ளைக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்படியா? அடுத்த ஞாயிறு ஆயர் வர்றாரு. நீங்களே கிதார்ல வாசிச்சிருங்க மாஸ்டர்."

சாமி போனார். குழுவும் சாப்பாட்டுக்குப் போனது. கிதாரை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்த செல்வியிடம் மாஸ்டர் மெதுவாக வந்து நின்றார்.

"அம்மா செல்வி, அந்த மூணு கார்டுல முதல் கார்டுக்கு எந்த விரலை எந்தக் கம்பியில வைக்கணும்? செத்தக் காட்டித் தாம்மா."