ஒரே கரண்டி

தையல் கூடத்தின் ஜன்னல்கள் சாத்தியே கிடக்கின்றன. பஞ்சுத் தூசி டியூப்லைட்டுக்கு அடியில் மிதந்து, இருமுகிறவர்களின் வாய்க்குள் போய்வருகிறது. டீ நேரம். சூப்பர்வைசர் அக்கா தேனில் இஞ்சி ஊறிய பாட்டிலைத் திறந்து, "எதிர்ப்பு சக்தி வேணும்ல? ஆளுக்கு ஒரு வாய்" என்கிறாள். பாட்டிலும் ஒன்று, கரண்டியும் ஒன்று. கட்டிங் மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு வாய் தின்று, கரண்டியை முன்னும் பின்னும் நக்கி, திரும்பத் தேனுக்குள்ளேயே இறக்குகிறார். அடுத்து பட்டன் தைக்கிறவள். அவள் உதட்டோரத்தில் பழுத்த கொப்புளம். தேனின் மேல் நுரை கட்டியிருக்கிறது. அது தேனின் நுரை இல்லை. மாசம் தவறாமல் நான் காய்ச்சலில் விழுவது இந்தப் பாட்டில் வந்த பிறகுதான். "எனக்கு வேண்டாம்க்கா." "ஏன், அருவருப்பா இருக்கோ? அடிக்கடி படுத்துக்கிறதே நீதாண்டி. இன்னொரு லீவு போட்டே, உன் மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவேன், பாத்துக்க." டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். தானும் ஒரு வாய் சப்பிவிட்டு, அதே கரண்டியை நிறைத்துக்கொண்டு வருகிறாள். குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் என் தாடையைப் பிடிக்கிறாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறேன். தாடையைப் பிடித்திருக்கும் அவள் கை அனலாய்க் கொதிக்கிறது.