சீட்டு மேல் சாமை மூட்டை

வீட்டில் இருந்த சாமை மூட்டையைக் காணவில்லை. கூடவே புருஷனையும் காணவில்லை.

அம்சவல்லிக்கு முதலில் மூட்டை மேல்தான் கவலை வந்தது. வருஷச் சாப்பாட்டுக்கு வைத்த சாமை. புருஷன் எங்கே போனாலும் பசித்தால் வந்துவிடுவார்.

விவரம் பக்கத்து வீட்டுச் செல்லியிடம் இருந்தது. மேலே ரிசார்ட்டில் ஒரு நாலு சக்கர பைக் மூலையில் கிடந்ததாம். அங்கே ரொம்ப வருஷம் ஜீப் ஓட்டியவர் என்று அதை அவள் புருஷன் கண்ணாயிரத்துக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்களாம். காட்டுப் பாதைக்குத் தகுந்த மாதிரி அதை மாற்ற, ஆலங்காயத்தில் மோகன் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாராம்.

"ரேஸ் வண்டியாம் அம்சா. டூ ஸ்ட்ரோக்காம்."

"ஒரு ஸ்ட்ரோக் வந்தது பத்தலையாமா அந்தாளுக்கு?" என்றாள் அம்சவல்லி.

போன ஆடியில்தான் கண்ணாயிரத்துக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. இடது கைதான் இன்னும் ஒரு சொம்பைக் கூடப் பிடிக்காது. அன்றிலிருந்து மேட்டுப் புளியந்தோப்புக்கு அம்சவல்லி மட்டும்தான் போய் வருகிறாள். ஜீப் போகாத பாதை, முழுக்கக் கல்லும் வேரும். முழங்கால் இரண்டும் வீங்கிப்போய், இனி நம்மால் ஆகாது என்று தோப்பை ராஜாக்கண்ணுவுக்குக் குத்தகைக்கு விட ஒப்புக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்ற வேண்டும். அவள் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். அதற்காக அவள் அழுதது அவளுக்கும் அடுப்புக்கும்தான் தெரியும்.

இவரானால் ரேஸ் வண்டி வைத்து விளையாடுகிறார். வண்டி சும்மா வந்தால் பட்டறைக் கூலியும் சும்மா வருமா? மூட்டை போன வழி அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ்ஸில் நின்றபடி வந்தவளுக்குப் பழைய கணக்கெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமான புதிதில், மொபெட் ஓட்டிப் பழகுகிறேன் என்று முள்வேலியில் போய் விழுந்தாள். ஊரே சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது இந்த மனுஷன்தான். அதற்கப்புறம் அவள் ஒரு சைக்கிளைக் கூடத் தொட்டதில்லை.

பட்டறைக்குள் நுழைந்ததுமே மூட்டை கண்ணில் பட்டது. வண்டியின் சீட்டு மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. விழாமல் இருக்கக் கயிறு வேறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

மோகன் கீழே குனிந்து ஸ்பிரிங்கைத் திருகியபடி கண்ணாயிரத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மரத்துக்கு நடுவில் நுழைகிற மாதிரி முன்சக்கர அகலத்தைக் குறைத்தாயிற்றாம். பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டியாயிற்று, இனி பறக்காது, ஆனால் மேட்டில் நின்று இழுக்கும். சருகில் தீப்பொறி விழாமல் சைலன்சருக்குள் சல்லடையும் வைத்தாயிற்று. பெட்ரோலில் ஆயில் கலக்க மட்டும் மறக்கக் கூடாதாம்.

"மூட்டையை எறக்கு," என்றாள் அம்சவல்லி.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூலிக்கு என் சாமைதான் கெடச்சுதா? எறக்கு. வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

அண்ணனிடம் யார் கூலி கேட்டது என்றான் மோகன். ஓட்டுகிற ஆளின் எடைக்குத் தகுந்த மாதிரிதான் ஸ்பிரிங் வைக்க வேண்டுமாம். எடை தப்பினால் கல்லில் ஏறும்போது வண்டி ஆளைத் தூக்கிப் போட்டுவிடுமாம். ஆள் வராததால் அதே எடைக்கு மூட்டையை ஏற்றி வைத்திருக்கிறானாம்.

"ஆளு வரலையா? இதோ குத்துக்கல்லாட்டம் உக்காந்துகீறாரே, இவரு இன்னா?"

மோகன் கண்ணாயிரத்தைப் பார்த்தான். அம்சவல்லி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், சொம்பு புடிக்காத கை கிளட்ச் புடிக்குமா? காட்டுல எங்கனா கவுந்து கெடந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

மோகன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, நீ வூட்ல இன்னும் சொல்லவே இல்லியா?"

"சொன்னா வேணான்னுடுவா," என்றார் கண்ணாயிரம். அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, மூட்டையைப் பார்த்தே பேசினார். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறத்தான் செய்தது.

"நான் எம்பது கிலோ. அந்த மூட்டை நாப்பத்தெட்டு. ஆஸ்பத்திரில என்னை நிறுத்தறதுக்கு முன்னாடி, எடை மிசின் சரியா கீதான்னு நீ ஏறி நின்னு பாத்தியே, அந்த எடை. ரெண்டு படி வெளிய எடுத்துதான் சரி பண்ணேன்."

அம்சவல்லிக்குச் சட்டென்று புரியவில்லை.

"ரெண்டு சக்கரம்தான் உன்னைத் தள்ளிவுட்டுச்சு. இதுக்கு நாலு கீது அம்சா, சாயாது. நீ பழகிக்கோ. ராஜாக்கண்ணுக்கு வெத்தலை பாக்கு மாத்த வேணாம்."

அவள் வண்டியின் ஹேண்டில்பாரைப் பார்த்தாள். கிளட்ச் லீவரை, குட்டை விரலுக்கும் எட்டுகிற மாதிரி நெருக்கி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் குட்டை விரல் அவளுக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"மூட்டையை எறக்கு தம்பி," என்றாள் மோகனிடம். "ஆளுதான் வந்தாச்சே."