பொட்டு வைத்த கேமரா

ஏழு நாளுக்கு ஒருமுறை, வீட்டெதிரே வேங்கை மரத்தில் வனத்துறை கட்டியிருக்கும் காட்டுக் கேமராவின் முன்னால் குடியிருப்பவர் வந்து முகம் காட்ட வேண்டும். தவறினால் வீட்டில் ஆளில்லை என்று பதிவாகும். மறுநாள் இடிக்கும் வண்டி வந்துவிடும். இன்று ஏழாம் நாள். ஆறு மணி கெடு. ஐந்தாகியும் கேமரா உயிர்பெறவில்லை.

ரங்கி எட்டு பேட்டரிகளையும் புதிதாக மாற்றினாள். கூட்டல், கழித்தல் பார்த்துத் திருப்பிப் போட்டாள். பொத்தானை அழுத்தி விரல் சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் பேட்டரிப் பெட்டியை முகர்ந்தவள், கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இதுக்குள்ளயா சந்தனம் வெச்சீங்க?"

"முந்தாநேத்து ஆயுத பூசையாச்சே புள்ள. வீட்டையே காப்பாத்துற சாமி. வெளிய மட்டும் பொட்டு வெச்சா போதுமா?" என்றான் சடையன்.

"நல்லா காப்பாத்துச்சு போங்க!"

ஸ்பிரிங்குகளில் காய்ந்திருந்த சந்தனத்தை ஊக்கால் சுரண்டினாள். ஐந்து ஐம்பதுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"இன்று 2000, ஜனவரி 1," என்றது கேமரா. "ரங்கி, பிறந்த ஆண்டு 2038. பதிய இயலாது."

இரண்டு நாள் செத்துக் கிடந்ததில் அதன் நாட்காட்டி முதலுக்கே போயிருந்தது. தேதியை மாற்ற அதில் பொத்தான் இல்லை. சடையன் ஓடிவந்து நின்றான். அவனும் பிறந்திருக்கவில்லை.

ரங்கி கேமராவை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"இங்கதான் சாமி இருக்கேன். நல்லா பாரு."

"பிறந்த பிறகு வரவும்," என்றது அது.