பூஜ்யப் பிழை

ஜூன் 12. இன்று ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். மாலைக் கணித வகுப்பில் என்னோடு படிக்கும் நர்ஸ் அக்காவின் கணினித் திரையை எட்டிப் பார்த்தேன்.

அலை நகர்வதற்கான சூத்திரத்துக்கு ஆளுக்கொரு தோராயம் எழுத வேண்டும். சரியான விடையோடு ஒப்பிடும்போது பிழை குறைந்தவருக்கு ஆய்வகத்தில் வேலை. அக்காவின் பிழை எங்கு பார்த்தாலும் பூஜ்யம்!

“தோராயத்துல பிழையே இல்லையா? சரியான விடையையே தூக்கி வச்சிட்டீங்களாக்கா?”

“வாயைக் கழுவு தம்பி. நீ அனுப்பின விடையோட ஒப்பிட்டேன், அவ்வளவுதான்.”

நான் விடவில்லை, ஆசிரியரிடம் போனேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் சார்பில் நான் எல்லோருக்கும் அனுப்பியிருந்த விடைக் கோப்பை அவர் திறந்தார்.

“இது நான் கொடுத்த விடை இல்லையே. உன்னோட தோராயத்தை அனுப்பியிருக்க.”

அக்கா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“அப்போ ரெண்டு பேரோடதும் அச்சு அசலா ஒண்ணு. யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க?” என்றார் ஆசிரியர்.

நாளை: நானே எழுதியதுதான் என்று நிரூபிக்க, கரும்பலகையில் என் தோராயத்தை முதல் வரியிலிருந்து போட்டுக் காட்ட வேண்டும்.