ஓட்டைப்பல்லன்

படக்கதை வரையும் அலர்மேல்தான் தூரிகைக்கு ஓட்டைப்பல்லன் என்று பேர் வைத்தாள். என்ன வண்ணம் பூசலாம் என்ற யோசனையில் ஒருநாள் அதன் நுனியைக் கடித்துவிட்டாள். நடுவில் நாலு முடி போயிற்று. அன்றிலிருந்து அது எதைத் தீட்டினாலும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு விழும்.

கணினி வாங்கியதும், அந்தத் தூரிகையால் தாளில் ஒரே ஒரு தீற்றல் போட்டு, அந்தத் தாளை ஸ்கேன் செய்துகொண்டாள். பிறகு தூரிகையைக் கழுவி வெறும் டம்ளரில் போட்டவள்தான். அதோடு தூரிகை தண்ணீரையே பார்க்கவில்லை.

"உனக்கு ஒரு முடிகூட இல்லையே, எப்படிடா வண்ணம் அடிக்கிறே?" என்று கணினியோடு வந்த டிஜிட்டல் பேனாவை ஒருநாள் சீண்டியது தூரிகை.

"திரைக்குள்ள முந்நூறு தூரிகை இருக்குண்ணே. ஆனா அக்கா எப்பவும் தாளிலேர்ந்து தானே ஏத்திக்கிட்ட ஒண்ணைத்தான் எடுக்கறாங்க. மழை, சட்டை, மாட்டுவண்டி, எதுல அடிச்சாலும் நடுவுல வெள்ளையா ஒரு கோடு விழுது. பழுதுபோல. ஆனா அழிக்கவும் மாட்டேங்கறாங்க."

தூரிகைக்கு முடியெல்லாம் சிலிர்த்தது. "அதுக்குப் பேரு ஏதாவது போட்டிருக்கா?"

பேனா திரையை எட்டிப் பார்த்தது. "ஓட்டைப்பல்லன்னு இருக்கு. யாருண்ணே அது?"

பதில் சொல்ல வாயெடுத்த தூரிகைக்கு, ரொம்ப நாளைக்குப் பிறகு நுனி ஈரமாகியிருந்தது.