ஐந்தாவது நேர்காணல்

நர்சிங் கல்லூரி வராந்தா பெஞ்சின் நுனியில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஏழு பேர். எல்லார் மடியிலும் ஃபைல். நர்ஸ் வேலைக்கான நேர்காணல். அவனுக்கு இந்த மாதத்தில் இது ஐந்தாவது.

போனில் மனைவி பொரிந்து தள்ளினாள். "ஏங்க, கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"பல்லை இளிச்சுக்கிட்டுக் கெஞ்சாதீங்க. ஆனா இன்னிக்கும் வெறுங்கையோட வந்தா நம்ம பாடு திண்டாட்டம்தான்."

உள்ளே, மேஜைக்கு அந்தப்புறம் மூன்று பெண்கள். கண்ணாடி போட்டவள் கேட்டாள்.

"ஒரு ஷிஃப்ட்ல ஒரு நர்ஸ் எத்தனை நோயாளியைப் பாக்கணும்?"

"ஆறுங்க."

"தொடர்ந்து எத்தனை நைட் டூட்டி?"

"மூணுங்க. அதுக்கு மேல உடம்பு தாங்காது."

"டாக்டர் வார்டுல கத்தினா?"

"மன்னிப்புக் கேட்டுடுவேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லார் முன்னாலயும்தாங்க."

மூவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

"நாங்க மூணு பேரும் ஒண்ணாத்தான் வேலைக்குச் சேருவோம்" என்றாள் கண்ணாடிக்காரி. "யோசிச்சு போன்ல சொல்றோம், டாக்டர்."

அவன் எழுந்து கும்பிட்டான். "நர்ஸ் இல்லாம வார்டையே பூட்டி வச்சிருக்கேன், சிஸ்டர். கொஞ்சம் மனசு வைங்க."

அவள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அடுத்த ஆஸ்பத்திரி, உள்ள வாங்க!"